நிரல் ஊருக்கு, பெயர் உங்களுக்கு: ஓப்பன் சோர்ஸ் உரிமமும் வணிகக்குறியும், முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் தமிழ்த் தட்டச்சுக்கு ஒரு சின்ன ஆண்ட்ராய்டு கீபோர்டு செய்து, யாரும் எடுத்து மாற்றி வெளியிட அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தோடு, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டேன். ஆறு மாதம் கழித்து நண்பன் போனில் கேட்டான்: "ஏன்டா, உன் கீபோர்டுல இப்போ லோன் விளம்பரமெல்லாம் வருது?" என் ஆப்பில் விளம்பரமே கிடையாது. ஆப் ஸ்டோரில் தேடிப் பார்த்தால் அதே பெயர், அதே ஐகான், ஆனால் ஏற்றியவர் வேறு யாரோ. ஆத்திரத்தோடு ஆப் ஸ்டோருக்குப் பதிப்புரிமைப் புகார் அனுப்பினேன். "நிரலை யாரும் எடுத்து வெளியிடலாம் என்று நீங்களே அனுமதி கொடுத்திருக்கிறீர்களே" என்ற பொருளில் பதில் வந்தது. யோசித்துப் பார்த்தால் அது சரிதான். நிரலை எடுத்ததில் தப்பே இல்லை. பெயரை எடுத்ததுதான் தப்பு. ஆனால் பெயரைப் பற்றி நான் எங்கும் ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். வழக்கு என்று வந்தால் வக்கீலிடம்தான் போக வேண்டும். அதற்கு முன் நாமே செய்து வைக்க வேண்டியது நிறைய உண்டு, அதில் பாதியை ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம்.

படி 1: எந்த உரிமை எதைக் காக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் இதைப் பேச ஆரம்பித்தால் முதல் தடங்கல் சொல்லிலேயே வந்துவிடும். 'காப்புரிமை' என்று ஒருவர் பதிப்புரிமையைச் சொல்வார், இன்னொருவர் பேட்டன்ட்டைச் சொல்வார். அதனால் இங்கே அந்தச் சொல்லையே விட்டுவிடுகிறேன். எழுதியவருக்குத் தன் எழுத்தின் மேல் இருப்பது பதிப்புரிமை. கண்டுபிடிப்புக்குப் பேட்டன்ட். பெயர், லோகோ போன்ற அடையாளங்களுக்கு வணிகக்குறி.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் வைத்திருக்கிறது. உங்கள் ஃபார் லூப்பும் சட்டத்தின் கண்ணில் இலக்கியம்தான்! எழுதியவுடனே உரிமை வந்துவிடும், பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதியவரின் ஆயுள் முழுக்க இருந்து, அதற்கு மேலும் 60 வருடம் நிற்கும். ஓப்பன் சோர்ஸ் உரிமம் என்பது இந்தப் பதிப்புரிமையின் மேல் நீங்கள் ஊருக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. நிரலை எடு, மாற்று, விற்கக்கூடச் செய் என்கிறது அந்தச் சீட்டு. பெயரை எடு என்று அதில் எழுதியிருக்காது.

பிரியாணிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பக்குவத்தை ஊருக்கே சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர்கூட போர்டில் இருக்கும் பெயரை விட்டுத்தர மாட்டார். தமிழ்நாட்டில் பிரியாணிக் கடைப் பெயருக்காக உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 'அப்படியானால் பெயரைப் பிடித்து வைத்துக்கொள்வது ஓப்பன் சோர்ஸ் மனப்பான்மைக்கு விரோதமில்லையா?' என்று சிலர் கேட்பார்கள். ஓப்பன் சோர்ஸ் வரையறையின் 4வது விதியைப் படிக்கச் சொல்லுங்கள். மாற்றி வெளியிடும் பதிப்புக்கு வேறு பெயரோ வேறு பதிப்பெண்ணோ வைக்கச் சொல்லி உரிமம் கேட்கலாம் என்று அதிலேயே இருக்கிறது.

படி 2: நிரல் உண்மையில் உங்களுடையதுதானா?

உங்களுடையதாக இல்லாததற்கு நீங்கள் உரிமம் கொடுக்க முடியாது. வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதியதுதானே என்று நினைக்கலாம். ஆனால் அலுவலக லேப்டாப்பில், அலுவலக வேலைக்கு ஒட்டிய விஷயத்தில் எழுதியிருந்தால், வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

பிறர் அனுப்பும் ஒட்டுகள், அதாவது நிரல் திருத்தங்கள், அவரவருக்கே சொந்தம். பிற்பாடு சண்டை வராமல் இருக்க எளிய ஏற்பாடு, லினக்ஸ் கெர்னல் 2004ல் கொண்டுவந்த முறை. சேர்க்கும் ஒவ்வொரு மாற்றத்தின் (கமிட்) குறிப்புக்குக் கடைசியிலும், இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் ஒரு வரியை அனுப்புகிறவரே தன் பெயரோடு சேர்ப்பார். சின்னத் திட்டங்களுக்கு இது போதும். உரிமையையே எழுதி வாங்கப் போகிறீர்கள் என்றால் எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று குறிப்பிட மறக்காதீர்கள். குறிப்பிடாவிட்டால் நம் சட்டப்படி அது 5 வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் கொள்ளப்படும். வெளிநாட்டு மாதிரிப் படிவத்தை அப்படியே நகலெடுப்பவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான்.

லோகோ வரைந்து கொடுத்த நண்பரிடமும் எழுதி வாங்குங்கள். டீ குடித்துக்கொண்டே கேட்டால் சங்கடம் இருக்காது. மூன்று வருடம் கழித்துக் கேட்டால்தான் சங்கடம்.

படி 3: உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் பெயரைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று பார்த்து

உரிமங்களை ஒப்பிடும் பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் விட்டுப்போவது பெயர் என்ற பத்தி.

எம்ஐடி உரிமம் ரொம்பச் சின்னது, பெயரைப் பற்றி வாயே திறக்காது. மூன்று விதிகள் உள்ள பிஎஸ்டி உரிமத்தின் மூன்றாம் விதி, எழுதியவர்களின் பெயரைக் காட்டி 'இவர்களே பரிந்துரைக்கிறார்கள்' என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. அப்பாச்சி 2.0 இன்னும் தெளிவு. அதன் 6வது பிரிவு வணிகப் பெயர், வணிகக்குறி எதையும் இந்த உரிமம் தரவில்லை என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறது. 3வது பிரிவு பேட்டன்ட் அனுமதியும் தருகிறது. ஜிபிஎல் என்பது, மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில் மூலநிரலைத் தர வேண்டும் என்று கேட்கும் உரிமம். 2007ல் வந்த ஜிபிஎல் 3 தானாகப் பெயரைத் தடுக்காது. ஆனால் வணிகக்குறி உரிமை தரவில்லை என்றும், மாற்றிய பதிப்பில் மாற்றப்பட்டது என்று குறிக்க வேண்டும் என்றும் கூடுதல் நிபந்தனை சேர்க்க 7வது பிரிவில் இடம் கொடுத்திருக்கிறது. அதே குடும்பத்து ஏஜிபிஎல், நிரலை மாற்றி சர்வரில் வைத்து இணையம் வழியாகச் சேவை தருபவர்களும் மூலநிரலைக் காட்ட வேண்டும் என்ற கூடுதல் பிடி உள்ளது.

என் பழக்கம் இது: நாலு பேர் தங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டிய நிரல் நூலகம் (லைப்ரரி) என்றால் அப்பாச்சி 2.0. முழு ஆப் என்றால் ஜிபிஎல் 3. எம்ஐடியை இப்போது பத்து வரி ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

பெயரை உரிமத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்ட ஒரு உரிமமும் உண்டு. தமிழில் எழுதுகிற எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, அதன் பயனை அனுபவிக்கிறோம். எழுத்துருக்களுக்கான எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமம்தான் அது. மீரா இனிமை, கட்டமரான் என்று பல தமிழ் எழுத்துருக்கள் அதன் கீழ்தான் வருகின்றன. அதில் 'ஒதுக்கப்பட்ட எழுத்துருப் பெயர்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. எழுத்துருவை உருவாக்கியவர் ஒரு பெயரை அப்படி அறிவித்துவிட்டால், மாற்றிய பதிப்பை அந்தப் பெயரில் வெளியிடக் கூடாது. 'ஸ்ரீ' சரியாக இணையவில்லை என்று ஒருவர் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல காரியம். ஆனால் அதைப் பழைய பெயரிலேயே பரப்பினால், ஒரே பெயரில் இரண்டு எழுத்துருக்கள் சுற்றும். உங்கள் கணினியில் 40 பக்கம் வந்த புத்தகம் அச்சகத்தில் 42 பக்கமாக வந்து நிற்கும், ஏன் என்று யாருக்கும் புரியாது. பெயரை ஏன் காக்க வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். பயனர் கையில் இருப்பது எது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: கோப்புகளை ஒழுங்காக வையுங்கள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். திட்டத்தின் மேல் மட்டத்தில் லைசென்ஸ் கோப்பு, அதில் வருடமும் உங்கள் பெயரும். மாதிரியில் உள்ள காலியிடத்தை நிரப்பாமலே விட்ட ரெப்போக்களை (நிரல் களஞ்சியங்களை) எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எந்த உரிமம் என்று சுருக்கமாகக் குறிக்கும் எஸ்பிடிஎக்ஸ் முறையில் ஒரு வரி. நீங்கள் சேர்த்துக்கொண்ட நூலகங்களின் உரிமங்களும் உங்கள் உரிமத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3 திட்டத்தில் சேர்க்கலாம், 'ஜிபிஎல் 2 மட்டும்' என்று இருக்கும் திட்டத்தில் சேர்க்கக் கூடாது என்பது ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. உரிமமே போடாமல் பொதுவில் வைத்தால் 'எல்லோருக்கும் திறந்தது' என்று அர்த்தம் இல்லை, எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது என்று அர்த்தம்.

லோகோவையும் ஐகானையும் தனி ஃபோல்டரில் வைத்து, 'இவை இந்த உரிமத்தில் அடங்காது' என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

படி 5: காக்கக்கூடிய பெயராக வையுங்கள்

'தமிழ் கீபோர்டு' என்று பெயர் வைத்தால் தேடலில் மேலே வரும், உண்மைதான். ஆனால் பொருள் என்ன என்பதை விவரிக்கும் சொல்லை ஒருவர் மட்டும் பிடித்து வைக்க முடியாது. வணிகக்குறிச் சட்டத்தின் 9வது பிரிவு அதைத் தடுக்கிறது. இதில் வேடிக்கை, 'ஓப்பன் சோர்ஸ்' என்ற சொல்லையே வணிகக்குறியாக்க அந்த இயக்கத்தினர் முயன்றார்கள். ரொம்ப விவரிப்பாக இருக்கிறது என்பதால் அது நடக்கவில்லை.

பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத சொல்தான் பலமான பெயர். கீபோர்டுக்கு 'நெல்லி' என்று வைக்கிறோம் என்று கொள்வோம். நெல்லிக்காய் விற்பவருக்கு அது விவரிப்புச் சொல், கீபோர்டுக்கு அது தனித்த பெயர்.

அடுத்து, வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். இந்திய அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடல் இலவசம். மென்பொருளுக்கு 9ஆம் வகுப்பு, இணைய வழி மென்பொருள் சேவைக்கு 42ஆம் வகுப்பு, இரண்டிலும் பாருங்கள். எழுத்தை வைத்து மட்டுமல்லாமல் ஒலியை வைத்தும் தேடும் வசதி உண்டு. தமிழ்ப் பெயர்களுக்கு அது அவசியம். 'நெல்லி'யை ஆங்கிலத்தில் ஒரு 'எல்' போட்டும் எழுதலாம், இரண்டு போட்டும் எழுதலாம். கடைசியில் 'ஐ'யும் போடலாம், 'ஒய்'யும் போடலாம். எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். அப்புறம் ஆப் ஸ்டோர்கள், கிட்ஹப், நிரல் நூலகங்களைப் பகிரும் பைபிஐ, என்பிஎம் தளங்கள், டொமைன்.

படி 6: பதிவு செய்யலாமா?

பதிவு செய்யாத பெயருக்கும் பாதுகாப்பு உண்டு. உங்கள் பொருளைப் போல ஏமாற்றித் தள்ளிவிடுகிறார் என்று வழக்குப் போடலாம். ஆனால் உங்கள் பெயருக்கு நற்பெயர் இருந்தது, மக்கள் ஏமாந்தார்கள் என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும். பதிவு இருந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

பதிவு விண்ணப்பமான டிஎம்-ஏ படிவத்தை ஆன்லைனில் தாக்கல் செய்ய, தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000. இரண்டு வகுப்பு என்றால் இரண்டு மடங்கு. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பெயரைத் தமிழ் எழுத்தில் பதிவு செய்யலாம். ஆனால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சேர்த்துத் தர வேண்டும். தேர்வாளர் ஆட்சேபம் எழுப்பினால் பதில் சொல்ல 30 நாள். அந்த ஆட்சேபம் தீர்ந்தால் பெயர் அரசின் வணிகக்குறி இதழில் வெளிவரும். அதிலிருந்து 4 மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ். 10 வருடத்துக்குச் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிவு செய்துவிட்டு 5 வருடத்துக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால், அதைக் காரணம் காட்டி நீக்கக் கேட்க முடியும்.

பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' குறியை இப்போதே போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' மட்டும் பதிவு கிடைத்த பிறகுதான். முதல் வெளியீட்டின் தேதி, ஆப் ஸ்டோர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பயனர்களின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். 'இந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறேன்' என்று விண்ணப்பத்தில் சொன்னால் அதற்கு உறுதிப்பத்திரமும் ஆதாரமும் கேட்பார்கள். இந்தியப் பதிவு இந்தியாவுக்கு மட்டும்தான். வெளிநாடுகளுக்கு, இந்தியா 2013ல் சேர்ந்த மாட்ரிட் நெறிமுறை வழியாகப் போகலாம், செலவு கூடும்.

ஒரு ஆள் பதிவு செய்வதா, அமைப்பா? 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பவர்களுக்கு லினக்ஸின் கதை. 1994ல் அமெரிக்காவில் லினக்ஸுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் அந்தப் பெயருக்கு விண்ணப்பித்துப் பதிவும் வாங்கிவிட்டார். பிறகு லினக்ஸ் தொழில் செய்தவர்களிடம் பணம் கேட்டார். வழக்குக்குப் பிறகு 1997ல்தான் பெயர், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கைக்கு வந்தது. எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 'ஹட்சன்' என்ற மென்பொருளை எழுதி வளர்த்தவர்கள் ஒரு பக்கம், பெயர் ஆரக்கிள் நிறுவனத்தின் பக்கம் என்று ஆனபோது, 2011ல் அவர்கள் 'ஜென்கின்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். இன்று ஹட்சனை யாருக்கு நினைவிருக்கிறது?

படி 7: பெயர்க் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எழுதாவிட்டால் என்ன ஆகும், கடுமையாக எழுதினால் என்ன ஆகும், இரண்டுக்கும் பாடம் ஃபயர்ஃபாக்ஸ். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் தன் தொகுப்பில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரோடு உலாவியை விநியோகித்தது, ஆனால் லோகோவைச் சேர்க்கவில்லை. லோகோ கட்டற்ற உரிமத்தில் இல்லை, டெபியனின் விதி அதை ஏற்காது. 2006ல், ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா, 'பெயர் வேண்டுமென்றால் லோகோவும் வேண்டும், செய்யும் மாற்றங்களுக்கு எங்கள் ஒப்புதலும் வேண்டும்' என்றது. நிலையான பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாங்களே ஒட்டிக்கொள்ளும் டெபியனுக்கு இது ஒத்துவரவில்லை. பெயரை 'ஐஸ்வீசல்' என்று மாற்றினார்கள். நெருப்புக்குப் பதில் பனி, நரிக்குப் பதில் கீரி மாதிரி ஒரு பிராணி. குறும்புதான்! பத்து வருடம் அப்படியே ஓடி, 2016ல் சமாதானமாகி ஃபயர்ஃபாக்ஸ் திரும்ப வந்தது. என் பார்வையில் இரண்டு தரப்பும் நியாயம்தான். கெட்ட ஒட்டுக்குப் பழி தன் பெயரில் விழும் என்ற மொசில்லாவின் பயமும் பொய்யில்லை.

அதனால் விநியோகம் செய்பவர்களுக்கு இடம் விட்டு, ஏமாற்றுக்காரர்களுக்கு இடம் விடாமல் எழுத வேண்டும். நான் இப்போது வைப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நெல்லி என்ற பெயரும் நெல்லிக்காய் லோகோவும் எங்கள் வணிகக்குறிகள். நிரலின் உரிமம் இவற்றுக்குப் பொருந்தாது. கேட்காமலே செய்யக்கூடியவை: நெல்லியைப் பற்றி எழுதுவது, பாடம் நடத்துவது, 'நெல்லியோடு வேலை செய்யும்', 'நெல்லியின் நிரலை அடிப்படையாகக் கொண்டது' என்று உண்மையைச் சொல்வது, மாற்றாமல் அப்படியே பகிர்வது, லினக்ஸ் தொகுப்புகளுக்காகக் கட்டமைப்பு, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் செய்து இதே பெயரில் விநியோகிப்பது. கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியவை: பெயரை டொமைனிலோ நிறுவனப் பெயரிலோ சேர்ப்பது, லோகோ போட்ட பொருள்களை விற்பது. செய்யக் கூடாதவை: விளம்பரமோ பயனரைக் கண்காணிக்கும் நிரலோ சேர்த்து இந்தப் பெயரில் வெளியிடுவது, ஆப் ஸ்டோர்களில் இந்தப் பெயரிலோ இதைப் போல ஒலிக்கும் பெயரிலோ பதிவேற்றுவது."

உண்மையைச் சொல்வதற்காகப் பெயரைக் குறிப்பிடுவதைத் தடுக்க முயலாதீர்கள். தடுத்து எழுதினாலும் அது சட்டத்தில் நிற்காது, உங்கள் மரியாதைதான் போகும். அதேபோல் சண்டை நடுவில் கொள்கையைத் திருத்தாதீர்கள். இணையதளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் பெயர் 2010ல் அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது, 'டபிள்யூபி' என்ற சுருக்கம் தங்கள் வணிகக்குறியில் அடங்காது என்றே கொள்கை நெடுங்காலம் சொல்லிவந்தது. 2024 செப்டம்பரில், வேர்ட்பிரஸ் தளங்களை நடத்தித் தரும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்தோடு மோதல் வெடித்தபோது அந்த வரி மாறியது. அக்டோபரில் விஷயம் கலிபோர்னியா நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும், மாறிய அந்த வரிதான் எல்லார் வாயிலும் விழுந்தது.

படி 8: நீங்கள் பிறர் நிரலைக் கிளை பிரிக்கும்போது

கிளை பிரிப்பது என்றால் பிறர் நிரலை எடுத்துத் தனித் திட்டமாக வளர்ப்பது. இங்கே நிலைமை தலைகீழ், இப்போது நீங்கள்தான் மற்றவர் பெயரைத் தொடக் கூடாது. மரியாடிபி, லிப்ரேஆபிஸ், நெக்ஸ்ட்கிளவுட் எல்லாம் இப்படிப் புதுப் பெயரோடு பிறந்தவை. 2023ல் டெராஃபார்ம் என்ற மென்பொருளின் உரிமம் மாறியபோது பிரிந்தவர்கள் முதலில் 'ஓப்பன்டிஎஃப்' என்று வைத்து, பிறகு 'ஓப்பன்டோஃபு' ஆனார்கள். 2024ல் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளிலிருந்து பிரிந்தது 'வால்கீ'.

பெயரை மாற்றுவது என்றால் தலைப்பை மட்டும் மாற்றுவது இல்லை. ஆண்ட்ராய்டு ஆப் என்றால் பேக்கேஜ் பெயர், ஐகான், தொடக்கத் திரை, மொழிபெயர்ப்புக் கோப்புகள், 'எங்களைப் பற்றி' பக்கம், எல்லாவற்றிலும் பழைய பெயர் ஒளிந்திருக்கும். மறந்துபோவது இரண்டு: புதுப்பிப்பைத் தேடும் சர்வர் முகவரியும், பிழை அறிக்கை போகும் முகவரியும். அவற்றை மாற்றாமல் விட்டால் உங்கள் பயனர்களின் புகாரெல்லாம் மூலத் திட்டத்தாரின் பெட்டியில் போய்க் கொட்டும். முதல் வாரத்திலேயே பகை.

இன்னொரு கோடிக்கும் போய்விடாதீர்கள். 'தேடி மாற்று' கட்டளையை ஒரே தட்டாகத் தட்டி, பழைய எழுத்தாளர்களின் பதிப்புரிமை வரியையும் சேர்த்து அழித்துவிடுபவர்கள் உண்டு. பெயரை எடுக்க வேண்டும், பதிப்புரிமை வரியை எடுக்கக் கூடாது. எம்ஐடி உரிமம் கேட்கும் ஒரே கூலி அந்த வரியும் உரிம வாசகமும்தான்.

படி 9: யாராவது மீறினால்

முதலில் எது மீறப்பட்டது என்று பாருங்கள். மூலநிரலைத் தரவில்லை, பதிப்புரிமை வரியை அழித்துவிட்டார் என்றால் அது உரிம மீறல். ஓப்பன் சோர்ஸ் நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகவே ஆகலாம் என்று 2008ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில் சொன்னது. சண்டை பொம்மை ரயில் ஓட்டும் மென்பொருளைப் பற்றி! ஜிபிஎல் 3ல், முதல்முறை தவறியவர் நோட்டீஸ் கிடைத்து 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை திரும்பக் கிடைத்துவிடும். பெரும்பாலும் அலட்சியம்தான் காரணம், கெட்ட எண்ணம் இல்லை. அதனால் முதல் கடிதம் மரியாதையாகவே இருக்கட்டும்.

பெயர் மீறல் என்றால் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் கடிதம் எழுத வேண்டும், எழுதிய பிறகு பக்கம் காணாமல் போகலாம். கடிதத்தில் நிரலைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள். ஆப் ஸ்டோரில் புகார் கொடுக்கும்போது பதிப்புரிமைப் படிவத்தை விட்டு வணிகக்குறிப் படிவத்தை நிரப்புங்கள். என்னைப் போல மாற்றி நிரப்பினால் ஒரு மாதம் வீண்.

என் கதை எப்படி முடிந்தது என்றால், பெயர்க் கொள்கையை எழுதி ரெப்போவில் போட்டுவிட்டு, அந்த ஆப்பின் தொடர்பு மின்னஞ்சலுக்கு ஏழு வரியில் ஒரு கடிதம் அனுப்பினேன். நிரல் உங்களுக்குத் தாராளமாக உண்டு, பெயரையும் ஐகானையும் மட்டும் இரண்டு வாரத்தில் மாற்றுங்கள் என்று. பதில் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் பார்த்தால் பெயரும் ஐகானும் மாறியிருந்தன. லோன் விளம்பரம் இன்னும் வருகிறது. 'எங்களைப் பற்றி' பக்கத்தைத் திறந்து கடைசி வரை இறங்கினால், எம்ஐடி கேட்டபடி, என் பெயரும் இருக்கிறது.